வழிச்செலவு

—ஆயிரத்தி எட்டுநூறு ரூவாய்க்கு அந்த மெஷினு இன்னா, பிளேன்ல போவுதா தம்பி?

—இல்லைங்க மேடம்.

—கப்பல்ல?

—வெள்ளிமலைக்குக் கப்பல் போகாதுங்க.

—அத்தத்தான் நானும் சொல்றேன். கள்ளக்குறிச்சில ஏறுனா கச்சிராயபாளையம், அத்த தாண்டுனா மலை. ஒரே பஸ்ஸு. அதுக்கு ஆயிரத்தி எட்டுநூறா? பாப்பா, தேவிப்ரியா, லைன்ல கீறியா?

—இருக்கேன் அக்கா. வாட்டர் டேங்க் மேட்டுல நிக்கறேன். இங்கதான் டவர் கெடைக்கும். காத்தடிச்சா கொஞ்சம் கொரகொரன்னு கேக்கும்.

—கேக்கட்டும். இங்க மட்டும் இன்னா, லாரிக்காரன் ஆரன வுட்டு காத செவுடாக்கிக்கினு கீறான். உளுந்தூர்பேட்டையில ரோட்டுமேல தையக்கட வெச்சா அப்படித்தான். ரெண்டு பேரும் கேளுங்க. நான் இப்ப அக்காவா பேசல, ஏல குரூப்பு அட்மினா பேசறேன். எனக்கு நீயும் ஒண்ணு, அவரும் ஒண்ணு. தம்பி, பேரு இன்னா சொன்ன?

—கவியரசன்.

—கவியரசன். நல்ல பேரு. வாய் தொறந்தாத்தான் இல்ல. அருள்மொழி ஐடில நீ போட்டிருக்க. அவ வூட்டுக்காரருதான?

—ஆமாங்க.

—சரி. சரக்கு, தமிழ் டைப்ரைட்டர் ஒண்ணு. ஏலம் ஐநூறு ரூவால ஆரம்பிச்சி ஆயிரத்தி எரநூத்திப் பத்துல முடிஞ்சுது. ஜெயிச்சது பாப்பா. இதுவரைக்கும் சண்டை இல்ல. சண்டை எதுலன்னா, அடியில சின்ன எழுத்துல போட்ட அந்த ஆயிரத்தி எட்டுநூறுல. சரியா?

—சரிங்க.

—சரிதான் அக்கா.

—போன மாசம் ஒருத்தன் பித்தளக் குடத்த அம்பது ரூவான்னு வுட்டான். எல்லாரும் பாஞ்சி பாஞ்சி கேட்டாங்க. கடைசில கூரியரு அறுநூத்தம்பதுன்றான். குடத்தோட வெல கூரியர்ல கீது. அன்னிக்கே ரூல்ஸ் போட்டேன். தபாலோ கூரியரோ, ரசீதுல இன்னா கீதோ அதான். அட்டப்பொட்டி, டேப்பு, கயிறுன்னு பேக்கிங்குக்கு அம்பது ரூவா. அதுக்கு மேல ஒத்தப் பைசா கேட்டா குரூப்ப வுட்டுத் தூக்கிடுவேன். படிச்சியா இல்லியா?

—படிச்சேன்.

—அப்ப ரசீது எங்க? எங்க விசாரிச்ச?

—விசாரிக்கல.

—விசாரிக்காம ஆயிரத்தி எட்டுநூறு எங்கேர்ந்து வந்துச்சி?

—தோணுச்சு.

—தோணுச்சா! கேட்டியா பாப்பா? அவருக்குத் தோணிச்சாம். எனக்குக்கூட ஜாக்கெட்டுக்கு அஞ்சாயிரம் கூலி வாங்கணும்னு தெனம் தோணுது.

—மெஷின் பதினஞ்சு கிலோ இருக்கும் மேடம். இரும்பு. கீழ விழுந்தா ஒரு பக்கம் வளைஞ்சிடும். மரப்பெட்டி அடிக்கணும். மலைக்கு மேல கூரியர்காரங்க வீட்டுக்கு வந்து தரமாட்டாங்க.

—இது பேச்சு. இத்தினி நேரம் எங்க வெச்சிருந்த இத்த? பாப்பா, நீ சொல்லு.

—தபாலே வேணாம்னுதான் அக்கா நான் சொல்றேன். காலைல வெள்ளிமலை பஸ்ல ஏத்தி, கண்டக்டர் கைல லக்கேஜுக்கு டிக்கெட் போட்டுக் குடுத்தா போதும். எங்க ஊரு ஸ்டாப்புல நான் எறக்கிக்கறேன். எங்க ஊருக்கு உரம் அப்படித்தான் வருது, குக்கர் அப்படித்தான் வருது, கல்யாணப் பத்திரிக்ககூட அப்படித்தான் வருது.

—கண்டக்டர் தூக்கிப் போடுவார்.

—எங்க ரூட்டு கண்டக்டரு போடமாட்டாரு சார். அவரு பொண்ணும் டைப்பிங்ல லோயர் பாஸு. மெஷினுன்னா என்னன்னு அவருக்குத் தெரியும்.

—பஸ் வேணாங்க.

—அப்ப நானே கீழ வர்றேன் சார். எங்க மாமாவோட வந்து ரெண்டு பேருமா தூக்கிக்கறோம். உங்களுக்கு ஒரு செலவும் இல்ல.

—வீட்டுக்கு வரவேணாம்.

—இன்னா தம்பி இது? தபால்னா ஆயிரத்தி எட்டுநூறு. பஸ்ஸுன்னா வேணாம். வந்து எடுத்துக்கறேன்னா வராத. விக்கறவன் பேசற பேச்சா இது? பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லாதவன் ஜாதகத்துல பழுது சொல்ற மாதிரி கீது.

—அக்கா, நான் ஒண்ணு கேக்கலாமா?

—கேளு கண்ணு. உன் கேஸுதான.

—சார், ஆயிரத்தி எட்டுநூறு ஜாஸ்தின்னு நான் சண்ட போடல. பதிவுல ‘தபால் செலவு’ன்னு போட்டிருந்தா நான் ஏலமே கேட்டிருக்கமாட்டேன். எனக்குக் கட்டுபடி ஆகாதுன்னு போயிருப்பேன். நீங்க போட்டிருந்தது ‘வழிச்செலவு’ன்னு.

—ரெண்டும் ஒண்ணுதானங்க.

—எப்படி சார் ஒண்ணாவும்? தபால் செலவு பொருளுக்கு. வழிச்செலவு ஆளுக்கு. கோர்ட்டுக்குப் போறவங்களுக்குக் குடுப்பாங்களே, ஊருக்குப் போறப்ப அப்பா கையில திணிப்பாரே, அது வழிச்செலவு. பொட்டிக்கு யாராச்சும் வழிச்செலவு குடுப்பாங்களா? வழிச்செலவுன்னா ஆள் வரணும். ஆள் வரலன்னா அது எதுக்கு?

—பழைய பதிவுல அப்படி இருந்துச்சு. அதையே எடுத்து, பொருளும் ரேட்டும் மட்டும் மாத்திப் போட்டேன். தபால் செலவைத்தான் தமிழ்ல அப்படி எழுதியிருக்கான்னு நெனச்சேன்.

—தபாலுக்குத் தமிழு தபாலுதான்யா! ஐயோ கடவுளே. இப்பதான் புரியுது எனக்கு. ஏன் தம்பி, பொண்டாட்டி பண்ற வேவாரம் இன்னான்னுகூட உனக்குத் தெரியாதா?

—மெஷின் வாங்கிச் சரிபண்ணி விப்பான்னு தெரியும். நான் காலைல மில்லுக்குப் போனா ராத்திரிதான் வருவேன். அரிசி மில்லுல பில் போடறேன்.

—பில்லு போடறவரு இப்படி ஒரு பில்லப் போட்டிருக்காரு! கேளு, சொல்றேன். மூடுன டைப்பிங் இன்ஸ்டிடியூட்ல பழைய மெஷினுங்கள வாங்கி, தொடச்சி, எண்ண போட்டு, பரிட்ச எழுதற பொண்ணுங்களுக்குக் குரூப்புல வுடுவா உன் பொண்டாட்டி. ஆனா ஒண்ணக்கூட அவ தபால்ல அனுப்புனதில்ல. தானே பஸ்ல தூக்கிக்கினு போவா. அந்தப் பொண்ணு வூட்டு டேபிள்மேல வெச்சி, தாள மாட்டி, ‘அடி’ன்னுவா. அது ஒரு வரி அடிச்சி, எழுத்து நேரா வுழுந்தாத்தான் காசு வாங்குவா. போக வர பஸ்ஸு டிக்கெட்டு, லக்கேஜ் டிக்கெட்டு, வழியில ஒரு டீ. அதான் அவ வழிச்செலவு. முன்னூறு பேரு குரூப்புல அவ ஒருத்திக்குத்தான் நான் ரசீது கேக்கமாட்டேன்.

—எனக்கு இது தெரியாது.

—எங்க ஊருக்கும் வந்திருக்காங்க சார். கண்ணகி அக்காவுக்கு மெஷின் கொண்டாந்து குடுத்தாங்க. நான் அன்னிக்கு மரவள்ளிக் காட்டுல இருந்தேன், பாக்க முடியல. வந்தவங்க ஸ்பேஸ் பார் லூசா இருக்குன்னு சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்து சரி பண்ணினாங்களாம். சாமைச்சோறு சாப்ட்டு, ‘இன்னும் கொஞ்சம் குழம்பு’ன்னு கேட்டு வாங்குனாங்களாம். கண்ணகி அக்கா அதுலதான் பழகுச்சு. இப்ப கல்யாணமாயி மெஷினோட ஆத்தூர் போய்டுச்சு. அதான் வழிச்செலவுன்னு பாத்ததும் நான் ஏலம் கேட்டேன். இந்தத் தடவ அவங்கள நேர்ல பாத்துடலாம்னு.

—தீந்துது போ. தம்பி, இது உன்னாண்ட பேசற வெவகாரம் இல்ல. போன அருள்மொழிகிட்ட குடு.

—அவ இல்லைங்க.

—எங்க, கடைக்கா?

—இல்லைங்க.

—அம்மா வூட்டுக்குப் போயிருக்காளா? ஏழெட்டு மாசமா குரூப்புலயும் சத்தமே இல்ல. நானே புள்ள உண்டாயி படுத்துக்கினு கீறாளோன்னு நெனச்சேன். எப்ப வருவா, அதச் சொல்லு.

—மேடம், அவளே இல்லைங்க.

—இன்னா சொல்ற?

—போன ஐப்பசியில. காய்ச்சல்னு படுத்தா. அவ்வளவுதான்.

—அக்கா? அக்கா, லைன்ல இருக்கீங்களா?

—இருக்கேன் கண்ணு… லைனிங் துணி அப்பறமா வந்து வாங்கிக்கம்மா. இல்லம்மா, கீது, எடுத்துக் குடுக்க இப்ப முடியல. கதவ அப்படியே சாத்திட்டுப் போ.

—மேடம், பரவாயில்லைங்க.

—நீ இன்னாத்துக்குப் பரவாயில்லன்ற? நான்தான் வாய் கிழிய பேசிக்கினு இருந்தேன். பிளேனு கப்பலுன்னு. ஒரு வார்த்த குரூப்புல போட்டிருக்கக்கூடாதா தம்பி?

—போட்டா எல்லாரும் கும்புடற கை போடுவாங்க. முன்னூறு கை.

—ஆமா… போடுவாங்கதான்.

—சார், மன்னிச்சுடுங்க. தெரிஞ்சிருந்தா வழிச்செலவு அது இதுன்னு சட்டம் பேசியிருக்கமாட்டேன்.

—நீங்க சரியாத்தான் பேசினீங்க.

—இது அவங்க வித்த மெஷின் மாதிரி இல்லல்ல சார்? அவங்களோட சொந்த மெஷினா?

—அவ பழகின மெஷின். ஹையர் பரிட்சை எழுதறதா இருந்தா.

—அப்ப எனக்கு வேணாம் சார். நீங்களே வெச்சிக்குங்க.

—கேட்டியா தம்பி? பொண்ணு தங்கமான பொண்ணு. ஏலத்த நான் ரத்து பண்ணிடறேன். உன் பேருல ஒரு கறையும் வராது. மெஷினு வூட்லயே இருக்கட்டும்.

—வீட்டைக் காலி பண்றேன் மேடம். அடுத்த மாசம் திருநாவலூர் போறேன், அம்மா வீட்டுக்கு. மத்ததெல்லாம் கொண்டுவா, மெஷினைக் கொண்டு வராதேன்னுட்டாங்க அம்மா. ராத்திரில நான் அது முன்னாடியே ஒக்காந்திருக்கேன்னு யாரோ சொல்லியிருக்காங்க.

—ஒக்காந்து?

—சும்மாதாங்க.

—சரி, வுடு. பாப்பாவுக்கு வேற மெஷினு வந்தா நான் சொல்றேன். ரெண்டாவதா கேட்டானே ஒருத்தன், அவனுக்கும் ரத்துன்னு சொல்லிடணும். இரு பாக்கறேன். ராசு எண்பத்தெட்டு. புது ஐடி. கடைசி வரைக்கும் வுடாம முட்டிக்கினு வந்தவன். ஆயிரத்தி எரநூறு வரைக்கும் கேட்டிருக்கான்.

—அவருக்குச் சொல்ல வேணாங்க.

—ஏன்? மொறன்னு ஒண்ணு கீது இல்ல.

—அது நான்தாங்க.

—எது?

—ராசு எண்பத்தெட்டு. வீட்ல என்னை ராசுன்னுதான் கூப்பிடுவாங்க. என் நம்பர்லேர்ந்து கேட்டேன்.

—இருய்யா. உன் சரக்க நீயே ஏலத்துல வுட்டு, நீயே ஏலம் கேட்டியா?

—ஆமாங்க.

—வெல ஏத்தறதுக்கா? சத்தியமா சொல்லு.

—வெலைக்கு இல்லைங்க. ஏலத்துல போட்டேன்னு அம்மாகிட்ட சொல்லணும். யார் கைக்கும் போகவும் கூடாது. யாரும் கேக்கக்கூடாதுன்னுதான் அந்த ஆயிரத்தி எட்டுநூறு போட்டேன். அப்படியும் இவங்க கேட்டாங்க. சரி, நானே எடுத்துக்கலாம்னு கேட்டேன்.

—நாப்பது வருசமா கட நடத்தறேன். தன் துணிய தானே வெல பேசி வாங்கறவன இன்னிக்குத்தான் பாக்கறேன். அப்பறம் ஏன் வுட்டுட்ட? ஆயிரத்தி எரநூத்திருவதுன்னு ஒரு தட்டு தட்டியிருந்தா உனக்கே வந்திருக்குமே.

—இவங்க பத்து பத்தா ஏத்தினாங்க.

—அதனால?

—நான் அம்பது நூறுன்னு ஏத்துவேன். இவங்க அதுக்கு மேல பத்து. ஒவ்வொரு பத்துக்கும் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க. யார்கிட்டயோ போய்க் கேட்டுட்டு வந்து போடற மாதிரி இருந்துச்சு. கடைசிப் பத்துக்கு ரொம்ப நேரம் ஆச்சு. அதுக்கு மேல எனக்கு விரல் போகல.

—அம்மாகிட்ட கேட்டேன் சார். ஒவ்வொரு தடவையும் டேங்க் மேட்டுலேர்ந்து எறங்கி வூட்டுக்குப் போய்க் கேட்டுட்டு மறுபடி ஏறுவேன். கடைசித் தடவ அம்மா ஆடு கட்டப் போயிருந்துச்சு. தேடிக்கினு போனேன்.

—அம்மா என்ன சொன்னாங்க?

—‘எவன்டி அவன் ராசு, அவனுக்குக் கையில புண்ணு வர’ன்னு சொன்னுச்சு சார். கோச்சிக்கினீங்களா?

—இல்ல. சிரிச்சேன்.

—சிரிச்சியா? சத்தமே வரலியே தம்பி. சரி, சிரிச்சான்னு எழுதிக்கறேன்.

—தேவிப்ரியா, இப்ப எப்படிப் பழகறீங்க?

—அட்டையில சார்.

—அட்டையில எப்படி?

—காலண்டர் அட்டைய வெட்டி, கீபோர்டு மாதிரி கட்டம் போட்டு, எழுத்தெல்லாம் எழுதி வெச்சிருக்கேன். அதுமேல அடிப்பேன். வாரத்துல ரெண்டு நாள் கள்ளக்குறிச்சி இன்ஸ்டிடியூட்டுக்கு வர்றேன். ஒரு மணி நேரம் அடிக்க, போவ வர அரை நாள் பஸ்ஸு. மழ வந்தா அதுவும் இல்ல. லோயர் அப்படித்தான் பாஸ் பண்ணேன். ஹையருக்கு அட்ட பத்தாது சார்.

—ஏன்?

—அட்டையில சத்தம் வராது. தப்பு அடிச்சாலும் தெரியாது, சரியா அடிச்சாலும் தெரியாது. சத்தம் இல்லாம வேகம் வராது சார். ஆவணியில பரிட்ச. ஹையர் பாஸ் பண்ணாத்தான் கவர்மெண்டு டைப்பிஸ்ட் வேலைக்கு மனு போட முடியும். அதுக்குள்ள வேற மெஷின் வந்தா பாக்கலாம். நீங்க அத நெனச்சிக் கஷ்டப்படாதீங்க.

—மேடம்.

—சொல்லு தம்பி.

—ரத்து பண்ண வேணாங்க.

—யோசிச்சி சொல்றியா? இரக்கப்பட்டுக் குடுத்துட்டு நாளைக்கி வந்து என் கடவாசல்ல நிக்கக்கூடாது.

—யோசிச்சுத்தான்.

—அப்ப கணக்கு கணக்கா இருக்கட்டும். ராசுன்னு ஒருத்தன் இல்ல. அவன் கேட்டதெல்லாம் தள்ளுபடி. அவன எடுத்துட்டா, பாப்பா மொதமொத கேட்டது இன்னா? ஐநூத்திப் பத்து. அதான் வெல.

—சரிங்க.

—அக்கா, அது ரொம்பக் கம்மி. நான் ஆயிரத்தி எரநூத்திப் பத்துன்னு வாய் வுட்டேனே.

—நீ சும்மா இரு. உங்கம்மா சாபம் வுட்டதுக்கு அதெல்லாம் கழிச்சாச்சி. அடுத்தது அந்த ஆயிரத்தி எட்டுநூறு. அத அடிச்சிட்டேன். இப்ப சொல்லு தம்பி, தபாலா, பஸ்ஸா, ஆளா?

—ஆள்.

—யாரு ஆளு?

—நான்தான். ஞாயித்துக்கெழமை லீவு. கொண்டு வர்றேன்.

—அப்ப வழிச்செலவு வாங்கலாம். போக வர பஸ்ஸு, லக்கேஜு, ஒரு டீ. டிக்கெட்டக் காட்டி வாங்கு. சம்மதமா பாப்பா?

—சம்மதம் அக்கா. சாப்பாடு எங்க வூட்ல. சார், எனக்கு அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். பழைய மெஷின எடுத்துக்கினு வர்றப்ப, மேல ஓடுமே கேரியேஜ், அத நடுவுல நிறுத்தி, நகராம துணிய வெச்சிக் கட்டிடுங்க. மலையில முப்பது நாப்பது வளைவு இருக்கு, அது பாட்டுக்கு ஓடி இடிச்சிக்கும்.

—கட்டிடறேன்.

—ரிப்பன அப்படியே வுடுங்க, நான் மாத்திக்கறேன். உருளையில எதுனா தாள் மாட்டியிருந்தா உருவிடுங்க. குலுக்கல்ல கிழிஞ்சி துண்டு உள்ள மாட்டிக்கும். சார்? கேக்குதா? காத்தடிக்குதா?

—கேக்குது. தாள் இருக்கு.

—ஆங், அத உருவிடுங்க.

—அதைத்தான் உருவ முடியலைங்க.

—சிக்கிக்கினுதா சார்? பக்கத்துல ஒரு குமிழ் இருக்கும், அத மேல தூக்குனா லூசாய்டும்.

—சிக்கல. அவ போட்ட தாள் அது. ஒரு வரி அடிச்சிட்டிருந்தா. பாதியில தலை சுத்துதுன்னு எழுந்து போய்ப் படுத்தா. திரும்ப வந்து ஒக்காரல. உருவிட்டா மறுபடி அதே வரியில, அதே எடத்துல நிக்காது. அதனால நான் மெஷினைத் தொடல. தொடைக்கறதுகூட இல்ல.

—தம்பி… அந்த ஆயிரத்தி எட்டுநூறு இதுக்குத்தானா?

—இருக்கலாங்க.

—அப்ப பொட்டியும் வேணாம், கட்டும் வேணாம். சன்னலோர சீட்டுல ஒக்காந்து, மடியில வெச்சி ரெண்டு கையால புடிச்சிக்க. தாளு அப்படியே இருக்கட்டும். மேல போயி பாப்பா பாத்துப்பா.

—ஆமா சார், தாளோடயே கொண்டாங்க. ஆனா நான் பழகணும்னா வேற தாள் போடணுமே. அதான் என்னா பண்றதுன்னு…

—புரியுது. அதையேதான் நானும் யோசிக்கறேன்.

—நான் உருவமாட்டேன் சார். நீங்க சொன்னா உருவுவேன், இல்லன்னா இல்ல. அதுல என்னா சார் எழுதியிருக்காங்க? சொல்லக்கூடாததுன்னா வேணாம்.

—தாள்ல வேற ஒண்ணும் இல்ல. மேல ஒரே வரி. ‘இதுவரை தாங்கள் காட்டிய அன்புக்கு’ன்னு இருக்கு. அதோட நிக்குது.

—ஐயோ. தம்பி, உனக்குத்தான்யா எழுதியிருக்கா. போவப்போறோம்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

—அப்படித்தான் நானும் நெனச்சேன். எட்டு மாசமா அந்த வரிக்கு முன்னாடிதான் ஒக்காந்திருக்கேன். அதுக்கப்புறம் என்ன எழுதறதா இருந்தா, நன்றியா, மன்னிப்பா, அதுதான் தெரியல. ஒண்ணு மட்டும் இடிக்குது.

—இன்னா இடிக்குது?

—கல்யாணமானதுலேர்ந்து அவ என்னைத் தாங்கள்னு சொன்னதே இல்ல. டேய் ராசுன்னுதான் கூப்பிடுவா.

—சார்.

—சொல்லுங்க.

—நீங்க தப்பா நெனக்கக்கூடாது.

—நெனக்கல. சொல்லும்மா.

—அதுக்கு மேல என்னா வரும்னு எனக்குத் தெரியும் சார்.

—எப்படி?

—அது ஹையர் பயிற்சியில ஏழாவது லெட்டர். கடைக்காரருக்கு எழுதறது. வேகம் வரதுக்கு அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லுவாங்க. நாங்க எல்லாரும் தெனமும் அதத்தான் அடிக்கறோம் சார். ‘இதுவரை தாங்கள் காட்டிய அன்புக்கு நன்றி. எனினும், சென்ற வாரம் தாங்கள் அனுப்பிய பம்புசெட்டில் மூன்று திருகாணிகள் குறைகின்றன.’